பின்னறைக்கு யார் குடிவருவது?

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் கணவனும் மனைவியும் உண்மையிலேயே கணவன் மனைவியா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தது நான்தான். போன செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு.

நடந்தது இவ்வளவுதான். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர ஆரம்பித்ததால் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கே கண் பரிசோதிக்கிற பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். என் மூக்கின் மேல் அந்தக் கனமான சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டுப் போட்டு எடுத்து, "இதுவா, இதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பரீட்சை எழுதுகிற பதற்றத்தோடு பதில் சொன்னேன். கிளம்பும்போது ஒரு பழைய மூக்குக்கண்ணாடி டப்பாவை நீட்டினார். திறந்து பார்த்தால் உள்ளே மண். மண்ணில் ஒரு மிளகாய்க் கன்று.

"கண்ணாடி ஆர்டர் குடுக்கறவங்களுக்கெல்லாம் ஒண்ணு தர்றேன் சார். வீட்ல ஒரு ரூம் காலியாகுது. அது காலியாச்சுன்னா நிறைய கன்னு போட்டுருவேன். அப்புறம் ஓசி கிடையாது, இப்பவே வாங்கிக்கோங்க."

அதே வாரம் எங்கள் அலுவலகத்தில் லிஃப்ட் பாதியில் நின்றது. பழுது பார்க்க வந்தவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "வீட்ல ஒரு ரூம் காலியாகுது சார். வாடகைக்கு நல்ல ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க."

வீட்ல ஒரு ரூம் காலியாகுது. இரண்டு வாய், ஒரே வாக்கியம். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் இது எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால்? இரண்டும் ஒரே ரூமாக இருந்தால்?

[ஊரில் எத்தனையோ வீடு, வீட்டுக்கு எத்தனையோ அறை. தெரியும். ஆனாலும் அந்த நினைப்பு வந்தபிறகு நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கவில்லை.]

நான் கதை எழுதுகிறவன் இல்லை. வேண்டாத சாமானைக் கழிப்பது, தொட்டியில் தக்காளி போடுவது, வீட்டுச் செலவை இழுத்துப் பிடிப்பது, வீட்டுக் கடனைச் சீக்கிரம் கட்டுவது என்று இணையத்தில் எழுதிக்கொண்டிருக்கிற ஆள். கதை இதுதான் முதல். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எப்படித் தொடங்குவது? இரண்டு தொடக்கம் எழுதினேன்.

ஒன்று: 'வீடு என்பது நான்கு சுவர் மட்டுமல்ல, அது நம்முடைய உழைப்பின், கனவின், தியாகத்தின்—'

இரண்டு: 'அவள் கதவைத் திறந்தாள். அறைக்குள் போக இடமில்லை.'

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரியிடம் இரண்டையும் படித்துக் காட்டி, அந்தப் பெண்மணி கேட்ட மாதிரியே கேட்டேன். "இதுவா, இதுவா?"

"ரெண்டாவது. மொதலாவதுல பேசறவன் மைக்கைப் பிடிச்சிட்டு எறங்க மாட்டான் போல."

3

அவள் கதவைத் திறந்தாள். அறைக்குள் போக இடமில்லை.

அது வீட்டின் பின்னறை. கிழக்கே பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. ஆனால் ஜன்னல் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். பரணிலிருந்து இறக்கியது, பரணில் ஏற்ற முடியாதது, யாரோ கொடுத்தது, யாருக்கோ கொடுக்க வைத்தது, எல்லாம் அதன் முன்னால் குவிந்து கிடந்தன. குடிவந்த புதிதில் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று உள்ளே தள்ளியவை. அந்த அப்புறம் வரவே இல்லை.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். மகன் வெளியூர் ஹாஸ்டலில். இவர்களைத் தவிர வீட்டில் இன்னொருவர் இருந்தார். வீடு வாங்கிய கடன். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'விருந்தாளி'. வந்து பல வருஷமாகியும் கிளம்புகிற பேச்சையே எடுக்காத விருந்தாளி. சம்பளம் வந்ததும் முதல் பந்தி அவருக்குத்தான்.

"விருந்தாளிக்குப் போட்டாச்சா?" என்று மாதம் பிறந்ததும் கணவர் கேட்பார்.

"போட்டாச்சு. ஏப்பம் விட்டுட்டு இன்னும் கொஞ்சம் வைங்கறாரு."

மிச்சத்தில்தான் அரிசி, கரண்டு, மகனுக்கு அனுப்புவது எல்லாம். அதிலும் கொஞ்சம் பிடித்து, தவணைக்கு மேலே அசலில் கட்டினார்கள். அசல் குறைகிற மாதமெல்லாம் இரண்டு பேருக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வரும். வெளியில் சாப்பிடுவதை விட்டார்கள். பின்பக்கத்துக் கையகல மண்ணில் அவள் கத்தரியும் அவரையும் போட்டாள். காய்கறிச் செலவு பாதியானது. மண்ணில் இடம் தீர்ந்ததும் கடையில் வேண்டாமென்று தூக்கிப்போடும் கண்ணாடி டப்பாக்களில் ஓட்டை போட்டு நாற்று வளர்த்தாள். கடைக்கு வந்தவர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒரு டீச்சர் முப்பது கன்று வேண்டும் என்றார். முப்பது வைக்க வீட்டில் வெயில் படும் இடம் இல்லை.

துணி காயப்போடும்போது ஒருநாள் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"பின்னாடி ரூம் காலியானா நல்லா இருக்கும்ல?"

"நானும் அதையேதான் நினைச்சிட்டு இருந்தேன்."

"அப்ப ஆரம்பிச்சிரலாமா?"

"ஆரம்பி. நானும் கை வைக்கிறேன்."

இந்த நான்கு வரியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

[குறிப்பு: எங்கள் வீட்டிலும் இப்படித்தான். 'நானும் அதையேதான் நினைச்சேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டால், எதை என்று இன்னொருவர் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு மாதிரி.]

4

இந்தப் பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அவளுடைய சின்ன வயதுக் கதை அதில் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் வேண்டாததைக் கழிக்கிற கதையில் ஒரு பகுதியைக் கூடக் கழிக்காவிட்டால் நான் என்ன யோக்கியன்?

5

கழிப்பதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். கடையில் செய்வதுதான். இரண்டு கையிலும் இரண்டு பொருள். "இதுவா, இதுவா?" யோசிக்க விடமாட்டாள். ஒன்று இருக்கும், ஒன்று போகும்.

அவருக்கும் ஒரு முறை இருந்தது. தொழில் அப்படி. அறைக் கதவில் 'வேலை நடக்கிறது, உள்ளே வராதீர்கள்' என்கிற பலகையைக் கொண்டுவந்து மாட்டினார். குவியலைப் பார்த்து, "ஓவர்லோடு. மணி அடிக்குது. யாராவது எறங்குங்கப்பா" என்றார்.

முதலில் இறங்கியது உடற்பயிற்சி சைக்கிள். வாங்கிய வாரம் அவர் ஓட்டினார். அதன்பின் அதில் ஈரத்துண்டுகள்தான் ஏறின. வாங்க வந்தவர் அதை வண்டியில் ஏற்றிக் கட்டியதும் அவள் வாசலில் நின்று கையாட்டினாள்.

"எதுக்குக் கையாட்டற?"

"ஏழு வருஷமா சைக்கிள்னு பேரு. இன்னைக்குத்தான் ரோட்டைப் பாக்குது. நல்லபடியா போய்ட்டு வரட்டும்."

"வந்துரப் போகுது. வாயை வெச்சிட்டு சும்மா இரு."

மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள். எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து. மகனின் முதல் மேசை, அது பக்கத்துத் தெருக் குழந்தைக்குப் போனது. ஒவ்வொன்று போகும்போதும் அவளுக்கு உடம்பு லேசானது. அவருடைய அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. பழைய லிஃப்ட் பொத்தான்கள். தேய்ந்த எண்கள், விரல் பட்டுப் பட்டு வழுவழுப்பான வட்டங்கள்.

"மூணா, ஏழா? இதுவா, இதுவா?"

"ஏய், அது ரெண்டும் வேணும்மா."

"எதுக்கு? வீட்டுக்கு மாடியே கிடையாது."

அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மணிப் பொத்தானை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மாட்டிக்கிட்டவன் அமுக்கறது இது ஒண்ணைத்தான்" என்றார்.

[பொத்தானைக் காட்டிவிட்டேன், கடைசியில் யாராவது அமுக்குவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கே அந்த ஆசை இருந்தது. வீட்டுக்காரி 'ரொம்ப சினிமாவா இருக்கு' என்று தடுத்துவிட்டாள்.]

ஒரு சனிக்கிழமை மதியம் கடைசிக் கோணியும் வெளியே போனது. தரை தெரிந்தது. சிவப்புத் தரை என்பதையே மறந்திருந்தார்கள். அவள் நடுவில் நின்று "ஏங்க" என்று கூப்பிட்டாள். சுவர்கள் அதைத் திருப்பிச் சொல்லின. அவர் வாசலிலிருந்து "என்னா" என்றார். அதையும் திருப்பிச் சொல்லின. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

இதை எழுதும்போது எனக்கே எழுந்து ஒரு சுற்று நடக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

6

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். கணவர் எப்படிப்பட்டவர்? முதலில் இப்படி எழுதினேன்.

'அவர் ஒரு கஞ்ச—'

"அடிங்க அதை" என்றாள் வீட்டுக்காரி, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. "காசை இறுக்கிப் பிடிச்சா கஞ்சனா? அப்ப நீங்க யாரு? அந்த மனுஷனுக்கு ஒரு காரணம் இருக்கும். யோசிங்க."

யோசித்தேன். எங்கள் அலுவலகத்துக்கு வந்தவரை நினைத்துப் பார்த்தேன். லிஃப்ட் நின்றால் எல்லோரும் அலுத்துக்கொண்டு காத்திருப்போம். அவர் ஒருவர் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு உச்சியில் இருக்கிற மோட்டார் அறை வரைக்கும் படியேறிப் போனார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஆயுசு முழுக்கப் படிக்கட்டுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் ஏதோ பார்க்கிற மாதிரி நடித்தது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

முட்டி. இவருக்கு முட்டி போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை. முட்டி இருக்கும்போதே விருந்தாளியை அனுப்பிவிட வேண்டும். அதற்குத்தான் அந்த அறை.

[பாருங்கள், கஞ்சன் என்று எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய பாவம்.]

7

அறை காலியாகி ஒரு வாரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூடப்போகிற ஒரு செருப்புக் கடையிலிருந்து இரும்பு ராக் ஒன்றைப் பேசி முடித்திருந்தாள். சைக்கிள் விற்ற காசு அதற்குச் சரியாக இருந்தது. ஒன்று போனால்தான் ஒன்று வரும் என்பது அவர்களுடைய சட்டம். சட்டப்படிதான் ராக் வருகிறது. அவரிடம் சொல்லவில்லை. வந்து இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அவரும் அதே ஆர்வத்தில் இருந்தார் என்று அவள் நினைத்தாள். ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். நாற்றுக்கு வெளிச்சம் வேண்டுமே. கதவுக்கு உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் கூடப் போட்டிருந்தார். செடிக்கு எதுக்குத் தாழ்ப்பாள் என்று ஒரு கணம் தோன்றியது. எலிக்கு என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

அவரும் ஒன்றைப் பார்த்திருந்தார். காலை வெயில் விழுகிற இடத்தை அவள் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு வைத்திருந்தாள். கட்டில் போடுகிற இடத்தைக் கூட அளந்துவிட்டாளே என்று அவருக்குப் பெருமை.

வாசலில் குட்டி லாரி நின்றது. அதற்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் நின்றது. லாரியிலிருந்து ராக் இறங்கியது. ஸ்கூட்டரிலிருந்து ஓர் இளம்பெண் இறங்கினாள். அவர் லிஃப்ட் பார்க்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"வாம்மா, வா. ரூம் ரெடி" என்றார் அவர் நர்ஸைப் பார்த்து.

"வாங்க, வாங்க. ரூம் ரெடி" என்றாள் அவள் ராக்கைப் பார்த்து.

இருவரும் ராக்கையும் நர்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்கள். லாரிக்காரர்தான் கேட்டார். "உள்ள கொண்டு போகவா, திரும்ப ஏத்தவா?"

"என்னது இது?" என்றார் அவர்.

"ராக். நாத்து வைக்க. இது யாரு?"

"வாடகைக்கு. நீதானே சொன்ன, ரூம் காலியானா நல்லா இருக்கும்னு."

"நல்லா இருக்கும்னு சொன்னேன். ஆள் வெப்போம்னா சொன்னேன்?"

"நானும் அதையேதான் நினைச்சேன்னு சொன்னேனே."

"எதை நினைச்சீங்க?"

"இதைத்தான்."

"நானும் இதைத்தான்."

நர்ஸ் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நான் வேணா தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரட்டுமா?"

"நீ இரும்மா. நீ என்ன பண்ணின? உக்காரு." உட்கார வாசலில் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் விற்றிருந்தார்கள்.

அவள் அவரைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புதுத் தாழ்ப்பாளை அப்போதுதான் முதல்முதலாகப் போட்டார்கள்.

"ஏங்க, ஒரு விருந்தாளியை அனுப்ப இன்னொரு விருந்தாளியைக் கூட்டிட்டு வரணுமா? நாத்துல வரும்ங்க. டீச்சர் முப்பது கேக்கறாங்க. அவங்க ஸ்கூல்ல இன்னும் கேக்கறாங்க. கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், ஆனா வரும். பதினெட்டு வருஷமா அடுத்தவங்க கண்ணுக்குத்தான் இதுவா இதுவான்னு கேட்டுட்டு இருக்கேன். இது நானா பாத்துப் பிடிச்சது."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தை அவள் பார்த்தாள்.

"என்ன இப்படி உக்காரறீங்க?"

"லிஃப்ட் நின்னா நான்தானே ஏறணும். முட்டி கேக்க மாட்டேங்குது. வாடகைன்னா மாசாமாசம் நிச்சயமா வரும். முன்னப்பின்ன ஆகாது. எனக்கு முன்னப்பின்ன ஆகறதுக்கு நேரமில்லம்மா."

"எத்தனை நாளா?"

"ஆச்சு கொஞ்ச நாள்."

"ஊர்ல உள்ளவங்க கண்ணையெல்லாம் பாக்கறேன். உங்க முட்டி எனக்குத் தெரியல பாருங்க."

"நீ பாக்கறப்பெல்லாம் நான் நின்னுட்டுத்தானே இருப்பேன்."

அறை அதைத் திருப்பிச் சொன்னது. மெதுவாகப் பேசினாலும் அந்த அறை விடவில்லை.

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

8

இங்கே என் பேனா நின்றுவிட்டது. வீட்டுக்காரி ஒரு வழி சொன்னாள். "ஒரு பக்கம் நர்ஸ், ஒரு பக்கம் நாத்து. பாதிப் பாதி. முடிஞ்சுது."

முடியவில்லை. நர்ஸுக்கு ராத்திரி டியூட்டி. பகலில் தூங்க வேண்டும், ஜன்னலுக்குத் திரை வேண்டும். நாற்றுக்கு அந்த ஜன்னல் வெயில்தான் உயிர். ஒரு ஜன்னலைப் பாதி மூட முடியாது.

ஆகவே இரண்டு முடிவு எழுதினேன்.

இது: நர்ஸ் வருகிறாள். ஜன்னலில் கருநீலத் திரை. லாரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ராக்கைத் திரும்ப ஏற்றுகிறார். டீச்சருக்கு முப்பது கன்று கிடைக்கவில்லை. அவள் சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரே ஒரு வரிசை மட்டும் வைத்துக்கொள்கிறாள். கடையில் யாராவது கன்று கேட்டால், 'இப்ப இல்ல சார்' என்று சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்கிறாள். ஆனால் வாடகை தவறாமல் வருகிறது, அத்தனையும் அசலுக்குப் போகிறது. அவர் படியேறுவதை நிறுத்திவிட்டுப் புதுப் பையன்களுக்கு வேலை சொல்லித்தருகிற இடத்துக்கு மாறுகிறார். சம்பளம் குறைவு, பரவாயில்லை. ஒருநாள் வங்கியிலிருந்து பத்திரம் வீட்டுக்கு வருகிறது. அதற்குள் நர்ஸும் கல்யாணமாகிப் போயிருக்கிறாள். இருவரும் பின்னறைக்குப் போகிறார்கள். அவள் திரையைக் கழற்றுகிறாள். "ஏங்க" என்று கூப்பிடுகிறாள். அறை திருப்பிச் சொல்கிறது.

இது: ராக் உள்ளே வருகிறது. நர்ஸ் ஒரு மிளகாய்க் கன்றை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, 'பரவால்லக்கா, வேற ரூம் கெடைக்கும்' என்று போகிறாள். முதல் தடவை போட்டதில் பாதி அழுகிப்போகிறது. அவள் அவருக்குத் தெரியாமல் அழுகிறாள். அவர் அவளுக்குத் தெரியாமல் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறார். இரண்டு பேருக்கும் இரண்டும் தெரியும். அடுத்த தடவை பிழைக்கிறது. டீச்சர் வருகிறார், டீச்சரோடு ஊரே வருகிறது. அவர் இன்னும் கொஞ்ச காலம் படியேறத்தான் வேண்டியிருக்கிறது. திருப்பங்களில் இன்னும் கொஞ்சம் அதிகமாக நிற்கிறார். ஆனால் இப்போது எத்தனை தடவை நின்றேன் என்று வந்து அவளிடம் சொல்கிறார். விருந்தாளி கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்புகிறார், ஆனால் கிளம்புகிறார். அன்றைக்குக் கன்றுகளையெல்லாம் விற்றுத் தீர்த்து ராக்கை நகர்த்துகிறார்கள். "ஏங்க" என்று கூப்பிடுகிறாள். அறை திருப்பிச் சொல்கிறது.

இரண்டையும் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். படித்தாள். மறுபடி படித்தாள்.

"கடைசி வரி ரெண்டுலயும் ஒண்ணுதானே?"

சத்தியமாக நான் கவனிக்கவே இல்லை.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்றாள்.

"தெரியலயே. இதைப் படிச்சா இது. அதைப் படிச்சா அது."

"அப்ப நேராப் போய் அந்தம்மாவையே கேட்டுருங்க. வீட்டுக்காரர் என்ன வேலைன்னு கேட்டா சொல்லிட்டுப் போறாங்க. எங்கிட்ட வந்து உயிரை வாங்கறதுக்கு."

9

போனேன். கேட்கத்தான் போனேன். அதற்குச் சாக்கும் இருந்தது. புதுக் கண்ணாடியைப் போட்டால் படிக்கட்டு ஆடியது.

"குடுங்க, இன்னொரு தடவை பாத்துரலாம்" என்று அந்தப் பெண்மணி என் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சட்டத்தை மாட்டினார். எதிரே எழுத்துகள் மங்கலாக நின்றன.

"இதுவா... இதுவா?"

"மொதல்ல காட்டினது."

"இப்ப? இதுவா, இதுவா?"

"ரெண்டாவது."

"இப்ப?"

பார்த்தேன். திருப்பச் சொன்னேன். திருப்பினார். மறுபடியும் பார்த்தேன். எனக்குப் பயம் வந்துவிட்டது, தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று.

"மேடம், ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"அவ்ளோதான் சார். முடிஞ்சுது."

"எப்படி முடிஞ்சுது? நான் ஒண்ணும் சொல்லலயே."

"எதைப் போட்டாலும் ஒரே மாதிரி தெரியுதுன்னு சொல்ற எடத்துலதான் நாங்க நிறுத்துவோம். உங்க நம்பர் அதான்."

இவர் என் கதையைப் படித்திருக்க வழியில்லை. லென்ஸை மாற்றித் தர உள்ளே போனார். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரோரம் ஒரு நீள அலமாரி. அதன் மேல்தட்டு முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், பச்சையாக ஏதோ இருந்தது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு வெறும் பச்சைத் தீற்றல். வரிசை வரிசையாக நாற்றாக இருக்கலாம், அப்படியென்றால் ராக் வந்துவிட்டது. பச்சை நிறத்தில் வந்திறங்கிய காலி டப்பாக்களாகவும் இருக்கலாம், அப்படியென்றால் நர்ஸ்.

அவர் திரும்பி வந்து கண்ணாடியை என் கையில் கொடுத்தார். "போட்டுப் பாருங்க சார்."

வாய்வரைக்கும் வந்துவிட்டது. மேடம், ரூம் காலியாயிடுச்சா? யார் வந்தாங்க?

"வெளிய போய்ப் போட்டுக்கறேன்" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்திருப்பார். அதுவும் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கதவு என்று நினைத்ததைப் பிடித்துத் திறந்து, மங்கலான தெருவில் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. அந்த அலமாரியின் மேல்தட்டும் அங்கேயேதான் இருக்கிறது. கண்ணாடியை உங்கள் கையில் தருகிறேன். போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

இதுவா, இதுவா?